பட்டாளத்து வரவு செலவு

வேலூர் மாவட்டத்தில் கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பி வருவதால் ‘ராணுவப்பேட்டை’ என்ற பட்டப்பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அந்த ஊரோடு நிற்கிற கதை இல்லை இது. சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு வீட்டு வாசலிலாவது பெயருக்கு முன்னால் ‘எக்ஸ் ஹவில்தார்’, ‘எக்ஸ் சுபேதார்’ என்று பலகை தொங்கும். பாலாற்றில் தண்ணீர் ஓடிய வருடங்கள் குறைவு. மானாவாரி நிலத்தில் வேர்க்கடலை போட்டுவிட்டு வானத்தைப் பார்த்த குடும்பங்களுக்கு, மாதம் தவறாமல் மணியார்டர் அனுப்பும் பிள்ளை என்பது பெரிய விஷயம். தேசபக்தி பிறகு வந்து சேரும். முதலில் வந்தது அரிசி.

அப்படி ஒரு கடலைக் கொல்லைக் குடும்பத்திலிருந்து 1990-களின் தொடக்கத்தில் பட்டாளத்துக்குப் போனவர்தான் இந்தக் கட்டுரையின் ஹவில்தார். ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பெரியவர்களுக்கு ‘மிலிட்டரிக்காரர்’, ஏரிக்கரை மைதானத்தில் அவரிடம் ஓடப் பழகும் பையன்களுக்கு ‘மாஸ்டர்’. இருபது ஆண்டுகளுக்கு மேல் சேவை. வந்த பிறகு காவல் வேலை, கொஞ்சம் விவசாயம், விடிகாலையில் பையன்களுக்குப் பயிற்சி. பணம் வாங்குவதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைக்கிறார்: மைதானத்துக்கு வரும் பையன் முதல் வாரத்துக்குள் அம்மாவையோ அப்பாவையோ அழைத்து வர வேண்டும். பட்டாளத்தில் சேர்கிறவன் ஒருவன். அதற்கு விலை கொடுக்கிறவர்கள் வேறு சிலர், அவர்களுக்குக் கணக்கு தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி.

அவர் சேர்ந்தது மதராஸ் இன்ஜினியர் குரூப். எம்.இ.ஜி. என்பார்கள். 1780-ல் தொடங்கிய படைப்பிரிவு. மையம் பெங்களூரில், அல்சூர் ஏரியை ஒட்டி. அங்கே வீரர்களுக்குச் செல்லப்பெயர் ‘தம்பி’. பாலம் போடுவது, சாலை வெட்டுவது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்ததை எடுப்பது, இவைதான் தொழில். துப்பாக்கி எல்லோருக்கும் உண்டு. ஆனால் இவர்கள் கையில் அதைவிட அதிக நேரம் இருந்தது சம்மட்டியும் கடப்பாரையும்தான்.

பெய்லி பாலத்தின் ஒரு பேனல் பத்தடி நீளம், ஐந்தடி உயரம், 570 பவுண்டு எடை. கிலோவில் சொன்னால் ஏறத்தாழ 260. கிரேன் வராத இடத்தில் போடுவதற்கென்றே வடிவமைத்தது என்பதால் ஆறு பேர் தண்டு செருகித் தூக்கியாக வேண்டும். ஆளுக்கு நாற்பது கிலோவுக்கு மேல். மழையில், சேற்றில், இருட்டில், ஒரே மூச்சில். ஆறு பேரில் ஒருவன் கால் வழுக்கினால் மற்ற ஐந்து பேரின் விரலும் போகும். 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் நிலச்சரிவு வந்தபோது சூரல்மலையில் 190 அடி பெய்லி பாலத்தை எம்.இ.ஜி. ஆட்கள் ராப்பகலாகப் போட்டு ஆகஸ்ட் 1 மாலை வண்டி ஓட்டிக் காட்டினார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஹவில்தார் பேனலைத் தூக்குகிறவர்களின் முழங்காலையே கவனித்தாராம். “நிக்கிற விதத்துலயே தெரியுது, நல்லா பழக்கியிருக்காங்க” என்றார். சொல்லும்போது அவர் கை தன் வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

தொழிலின் பெருமையும் தொழிலின் சேதமும் ஒரே மூட்டில்தான் இருக்கின்றன. பட்டாளத்தில் உடம்புக்கு மதிப்பெண் உண்டு. ‘ஷேப்’ என்பார்கள்: மனநிலை, செவி, கைகால், உடல், கண் என ஐந்துக்கும் தனித்தனி மதிப்பீடு. ஐந்திலும் ஒன்றாம் தரம் என்றால் ‘ஷேப் ஒன்’. ஏதாவது ஒன்று இறங்கினால் ‘லோ மெடிக்கல் கேட்டகரி’. பதவி உயர்வு சிக்கலாகும், நல்ல கோர்ஸ்கள் தள்ளிப்போகும். ஆகவே முழங்கால் வலியையும் காது இரைச்சலையும் மறைத்து வைத்துக்கொண்டு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கம் ஒவ்வொரு யூனிட்டிலும் உண்டு. ஓய்வு பெறும்போது மருத்துவக் குழு கேட்பது வேறு: இந்தக் கோளாறு சேவையால் வந்ததா, குறைந்தது 20 சதவீதமாவது இருக்கிறதா? பதிவேட்டில் ஒன்றும் இல்லாதவருக்கு அங்கே பதில் கிடையாது. ஊனப் பென்ஷனுக்குத் தகுதியிருந்தும் காகிதம் இல்லாமல் வெறும் பென்ஷனோடு ஊருக்கு வந்தவர்களை ஹவில்தாருக்கு நிறையத் தெரியும். பையன்களிடம் அவர் அடிக்கடி சொல்வது இது: வலித்தால் எம்.ஐ. ரூமுக்கு, அதாவது யூனிட்டின் மருத்துவ அறைக்குப் போ, போனதை எழுத வை.

2001 டிசம்பர் 13-ல் நாடாளுமன்றத்தின் மீது தாக்குதல் நடந்தபின், மேற்கு எல்லை முழுக்கப் படை குவிந்தது. ஆபரேஷன் பராக்கிரம். அடுத்த அக்டோபர் வரை நீடித்தது, போர் மூளவில்லை. ஆனால் இன்ஜினியர் படைக்கு அது போரேதான். ராஜஸ்தானிலும் பஞ்சாபிலும் விளைநிலங்களில் கண்ணிவெடி புதைத்தார்கள், பிறகு அதே கையால் எடுத்தார்கள். மணல்காட்டில் புதைத்தது புதைத்த இடத்தில் இருக்காது. காற்று மேட்டைத் தள்ளும், வரைபடத்தில் இருக்கிற புள்ளியும் பூமியில் இருக்கிற வெடியும் பிரிந்துபோகும். வெடிக்காத போரில் கால் இழந்தவர்கள், உயிர் இழந்தவர்கள் உண்டு. அந்த மாதங்களைப் பற்றி ஹவில்தார் அதிகம் பேசுவதில்லை, கேட்டாலும் மணலின் குணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்.

இதற்கெல்லாம் என்ன கிடைத்தது? அவர் காலத்துப் பேரம் எளிமையானது: இளமையைக் கொடு, முதுமையை அரசு பார்த்துக்கொள்ளும். சிப்பாய் 15 ஆண்டு முடித்தால் ஆயுள் முழுக்கப் பென்ஷன். கடைசிச் சம்பளத்தில் பாதி. 2004-க்குப் பிறகு மத்திய அரசு ஊழியர்களையும், எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். போன்ற துணை ராணுவத்தினரையும் புதிய பென்ஷன் திட்டத்துக்குள் தள்ளியபோதும் முப்படைகளுக்கு மட்டும் பழைய பென்ஷன் தொடர்ந்தது. 2014 ஜூலையிலிருந்து ‘ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன்’ வந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்தம். ஒரு ஹவில்தாரின் அடிப்படைப் பென்ஷன் இன்று 20,000 ரூபாய்க்கு மேல், அகவிலைப்படி தனி. மருத்துவத்துக்கு 2003-ல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம், இ.சி.எச்.எஸ். இவருடைய மனைவிக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தபோது கையிலிருந்து கட்டியது சொற்பம். கிராமத்தில் அதே சிகிச்சைக்கு நிலத்தை அடகு வைத்தவர்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்கள்.

அப்புறம் ராணுவத்தின் மலிவு விலைக் கடையான கேன்டீன். ஊரில் கேன்டீன் கார்டுக்கு இருக்கிற மரியாதை பரம்வீர் சக்கரத்துக்குக்கூட இருக்குமா என்பது சந்தேகம். கல்யாணம், காதுகுத்து என்றால் மாமா, மச்சான், தூரத்துப் பங்காளி எல்லோரும் விசாரிப்பது அந்த மாதத்து மது ‘கோட்டா’வைத்தான். மிக்சியும் ஃபேனும் மலிவு விலையில் வாங்கித் தரச்சொல்லிக் கேட்கும் உறவினர்கள் வேறு.

சேவையில் இருந்த காலத்திலும் சம்பளம் கெட்டுப்போகாமல் சேரும். சாப்பாடு லங்கரில், உடுப்பு அரசுடையது, தங்க பேரக். இன்றைய கணக்கில், ரெகுலர் சிப்பாயின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய், அதன்மேல் ராணுவச் சேவைப் படி 5,200. இடத்துக்கேற்ற கஷ்டப்படிகள் உண்டு. உச்சம் சியாச்சின், 2017 முதல் ஜவான்களுக்கு மாதம் 30,000. இந்தத் தொகையைக் கேட்டுப் பையன்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த நேரத்தில் ஹவில்தார் 2016 பிப்ரவரி 3-ஐ எடுத்துச் சொல்வார். சியாச்சினில் 19,000 அடிக்கு மேலிருந்த சோனம் முகாமின் மீது பனிச்சுவர் சரிந்து 19-வது மதராஸ் பட்டாலியனின் பத்துப் பேர் புதைந்தார்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். பிப்ரவரி 11-ல் அவரும் போய்விட்டார். பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் இதே வேலூர் மாவட்டம். “முப்பதாயிரம் எதுக்குக் குடுக்கறான்னு இப்ப புரியுதா?” என்பார். பயமுறுத்துவது அவர் நோக்கமில்லை. படி என்பது பரிசில்லை, இடர்ப்பாட்டின் விலை என்று காட்ட வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

ஹவில்தாரின் மனைவியிடம் வேறொரு கணக்கு இருக்கிறது. அது ரூபாயில் இல்லை. ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. எல்லாம் முழுதாகக் கிடைத்தாலும் வருடத்தில் கால் பங்கு. பீஸ் ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் குடும்பம் ஒன்றாக இருக்கலாம். வரிசையில் பெயர் வரும்போது பெரும்பாலும் அடுத்த ஃபீல்டு போஸ்டிங் வந்துவிடும். செகந்திராபாத்தில் இருந்த காலத்தை அந்த அம்மாள் இன்றும் ஊர்த்திருவிழா போலச் சொல்கிறார். மற்ற ஆண்டுகளில் கணவர் என்பது ‘56 ஏ.பி.ஓ.’ என்று முடியும் ஒரு விலாசம். அது எந்த ஊர், எந்த மலை, எந்த எல்லை என்று விலாசத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது; அதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

“மாமியாருக்கு மருந்து, பசங்களுக்கு ஸ்கூலு, கொல்லைக்குக் கூலியாளு, எல்லாம் நான்தான். இவரு வந்தா விருந்தாளி மாதிரி கவனிச்சு அனுப்பணும்” என்கிறார். கசப்பாகச் சொல்லவில்லை. மாமனார் இறந்தபோது தந்தி போய், விடுப்பு எழுதி, ஜம்முவிலிருந்து ரயில் ஏறி இவர் காட்பாடியில் இறங்கியபோது பால் தெளித்து முடித்திருந்தார்கள். ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் நாட்டின் தலையிலிருந்து கால் வரை ஓடும் வண்டி; சாவு வீட்டுக்குப் போகிறவனுக்காக அது வேகமாக ஓடாது.

நிரந்தரமாக வீடு திரும்பிய பிறகுதான் இன்னொரு சிக்கல். காலை நான்கரைக்கு எழுந்து வீட்டையே எழுப்புவார். செருப்புகள் வரிசையாக இல்லையென்றால் சத்தம். பத்தாவது படித்த மகன் ஒருநாள் “அப்பா, இது பேரக் இல்ல” என்று சொன்னதை அம்மாள் சிரிப்போடு நினைவுகூர்கிறார். அந்தச் சிரிப்புக்கு வர அந்த வீட்டுக்கு ஓரிரு ஆண்டுகள் ஆயின. கணவன் இல்லாமல் முடிவெடுத்துப் பழகிய பெண்ணும், கட்டளையிட்டுப் பழகிய ஆணும் நாற்பது வயதில் புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறார்கள். ராணுவத்தின் எந்தச் சலுகைப் பட்டியலிலும் இது இருக்காது.

நாற்பது வயது என்பதுதான் இந்தத் தொழிலின் விசித்திரம். ஆசிரியரோ வங்கி ஊழியரோ தன் உச்சச் சம்பளத்தை நோக்கிப் போகிற வயதில் ஜவானின் சம்பளம் பாதியாகிறது. பிள்ளைகள் அப்போதுதான் பிளஸ் டூவும் கல்லூரியும். பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். ‘கம்யூட்’ செய்வது என்பார்கள். படையினர் பாதி வரை கம்யூட் செய்யலாம். பெரும்பாலோர் செய்கிறார்கள், ஊரில் மாடி வீடு எழுகிறது, ஊர் பார்க்கிறது. வெளியே தெரியாத பக்கம், அடுத்த 15 ஆண்டுக்கு மாதப் பென்ஷன் வெட்டுப்பட்டுத்தான் வரும் என்பது. சம்பளத்தில் பாதி பென்ஷன். அதிலும் பாதி போனால் கையில் கால். இரண்டாவது வேலை விருப்பமில்லை, கட்டாயம்.

அந்த வேலை என்னவாக இருந்தது? ஹவில்தார் ஆற்றின் குறுக்கே பாலம் போடுவார், வெடிமருந்து அளந்து வைப்பார், ஐம்பது பேரை ஒரே குரலில் நகர்த்துவார். வெளியே வந்தபோது முதலில் கிடைத்தது ஏ.டி.எம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பிறகு வங்கி ஒன்றில் ஆயுதக் காவலர். காகிதத்தில் வாய்ப்புகள் குறைவில்லை. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீத ஒதுக்கீடு, தமிழ்நாட்டில் குரூப் சி-யில் 5 சதவீதம். பத்தாவது தேறி 15 ஆண்டு சேவை முடித்தவர் சில பணிகளுக்குப் பட்டதாரிக்குச் சமம். ஆனால் போட்டித் தேர்வு நாற்பது வயதுக்காரரை இருபத்திரண்டு வயதுப் பையனோடு உட்கார வைக்கிறது. காஷ்மீரில் பதுங்கு குழிக்குள் சங்க காலமும் சதவீதக் கணக்கும் படித்துக்கொண்டிருக்க முடியாது. அதே யூனிட்டில் கிளார்க்காக இருந்தவர் ஓய்வுக்கு மூன்றாண்டு முன்பே படிக்கத் தொடங்கி அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர் ஆனார். டிரைவராக இருந்தவர் ஓய்வுபெற்ற மறுமாதமே பள்ளிப் பேருந்து ஓட்டப் போய்விட்டார். எந்த டிரேடில் சேர்கிறாய் என்பது முதல் சம்பளத்தைவிட முக்கியம் என்று ஹவில்தார் பையன்களிடம் சொல்வதற்குக் காரணம் இவர்கள்தான்.

2022 ஜூன் 14-ல், சிப்பாய்களை நான்கு ஆண்டுக்கு மட்டும் எடுக்கும் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டதோடு அவர் மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு செல்லாமல் போயிற்று. கொரோனாவால் ஆள்சேர்ப்பு நின்றிருந்த காலம். முன்பு நடந்த முகாம்களில் ஓட்டமும் மெடிக்கலும் தேறி எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தவர்கள் நாடெங்கும் இருந்தார்கள்; அந்தத் தேர்வுகள் ரத்தாயின. பீகாரில் ரயில்கள் எரிந்தன, செகந்திராபாத் ரயில் நிலையத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் இறந்தார், சென்னையிலும் இளைஞர்கள் கூடினார்கள். ஹவில்தாரின் மைதானத்தில் ஓடியவர்களிலும் அப்படிக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். வயது வரம்பு அந்த ஆண்டுக்கு மட்டும் 21-லிருந்து 23 ஆனது. அதையும் தாண்டியவன் ஒருவன் இப்போது ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருக்கிறான்.

புதிய கணக்கை அவர் சிமெண்டுத் திண்ணையில் சாக்பீஸால் எழுதிக் காட்டுவார். முதல் ஆண்டு மாதம் 30,000. அதில் 9,000, முடிவில் மொத்தமாகத் தரப்படும் சேவா நிதிக்குப் பிடித்தம், கைக்கு 21,000. நான்காம் ஆண்டு 40,000. பிடித்தம் 12,000, கைக்கு 28,000. நான்கு ஆண்டில் பையன் பங்கு 5.02 லட்சம், அரசு அதே அளவு போடும், வட்டியோடு முடிவில் சுமார் 11.71 லட்சம். வரி கிடையாது. கைக்கு வந்த சம்பளத்தைக் கூட்டினால் அதுவும் ஏறக்குறைய அதே தொகை. நூற்றில் 25 பேர் வரை நிரந்தரப் படைக்கு எடுக்கப்படலாம். மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை, கேன்டீன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை.

சாக்பீஸ் அங்கே நிற்காது. 11.71 லட்சத்தை ஏழு சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் சுமார் 6,800 ரூபாய். பக்கத்தில் ஒரு ஹவில்தாரின் பென்ஷனை எழுதுவார். இரண்டையும் பார்த்துவிட்டு எழுந்து போன பெற்றோர் உண்டு.

ஆனால் அவர் திட்டத்தைத் திட்டுகிறவர் இல்லை. இது அவருடைய பழைய சகாக்கள் பலருக்குப் பிடிக்காத விஷயம். அவர் கேட்கும் கேள்வி இது: இந்தப் பையன் போகவில்லையென்றால் இங்கே என்ன செய்யப் போகிறான்? கடன் வாங்கிப் பொறியியல் படித்து உணவு டெலிவரி செய்கிறவனோடு ஒப்பிட்டால், இருபத்திரண்டு வயதில் கடனில்லாமல் கையில் பதினொன்றரை லட்சத்தோடு திரும்புகிறவன் தோற்றவன் இல்லை. கல்லூரிக்குப் போக இன்னும் வயது இருக்கிறது, காவல்துறைத் தேர்வுக்கும் வயது இருக்கிறது. துணை ராணுவப் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு 2022-லேயே அறிவிக்கப்பட்டது. நாற்பதில் திரும்புவதைவிட இருபத்திரண்டில் திரும்புவது ஒரு வகையில் லாபம். ஒரே நிபந்தனை, திரும்புவோம் என்று தெரிந்து போக வேண்டும். நூறில் இருபத்தைந்து பேரில் நாம் இருப்போம் என்று நம்பிப் போகிறவன், திரும்பும் நாளில் எதற்கும் தயாராக இருக்க மாட்டான். தரைப்படையின் முதல் அணி பயிற்சிக்குப் போனது 2023 ஜனவரியில் என்பதால், இந்தக் கணக்கின் நிஜ விடை ஊர்களுக்கு வந்து சேர்வது 2026 முடிந்த பிறகுதான்.

சாவைப் பற்றியும் பேசுகிறார். பேசாத பயிற்சியாளர்களை அவருக்குப் பிடிக்காது. 2020 ஜூன் 15 இரவு கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் இறந்த இருபது பேரில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். வீர் சக்கரம் கிடைத்தது. போர் நடவடிக்கையில் இறந்த ரெகுலர் வீரரின் மனைவிக்குக் கடைசிச் சம்பளம் முழுதும் குடும்பப் பென்ஷனாக வரும். அக்னிபத்தில் சேர்ந்த அக்னிவீரர் கணக்கு வேறு: 48 லட்சம் காப்பீடு, பணியில் இறந்தால் மேலும் 44 லட்சம் கருணைத்தொகை, சேவா நிதி, மீதிக் காலச் சம்பளம். கூட்டினால் ஒரு கோடியைத் தாண்டும். மாதாமாதம் வருகிற பென்ஷன் மட்டும் இல்லை. 2025 மே 9-ல் எல்லையில் பாகிஸ்தான் ஷெல் வீச்சில் இறந்த முரளி நாயக் ஆந்திரத்தின் ஸ்ரீ சத்யசாய் மாவட்டத்து அக்னிவீரர். ஒரே பிள்ளையை அனுப்ப வந்திருந்த ஒரு தாயிடம் ஹவில்தார் இதையும் சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு கோடி என்ற தொகையை அந்த அம்மாள் முன்னால் இரண்டாம் முறை உச்சரிக்கவில்லை.

இன்னொரு செலவைப் பெரும்பாலோர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அரசியல் சட்டத்தின் 33-வது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1950-ம் ஆண்டின் ராணுவச் சட்டம் அதைச் செய்தும் இருக்கிறது. சங்கம் வைக்க முடியாது, பத்திரிகைக்குப் பேச முடியாது, கட்சிக் கூட்டத்துக்குப் போக முடியாது. 2020 ஜூலையில் ஃபேஸ்புக் உட்பட 89 செயலிகளைக் கைபேசியிலிருந்து நீக்கச் சொன்னார்கள். பிடிக்கவில்லை என்று வேலையை உதறிவிட்டு வர இது ஷூ கம்பெனி இல்லை. விடுப்பு முடிந்து திரும்பாதவன்மேல் வழக்கு நடக்கும், ஊருக்கே தேடி வருவார்கள். ரீல்ஸ் போட்டுப் பழகிய பத்தொன்பது வயதுக்கு இதுதான் சியாச்சினைவிடக் கடினம் என்று ஹவில்தார் நினைக்கிறார். சரியாகத்தான் படுகிறது.

மைதானத்தில் அவர் முதலில் பார்ப்பது ஓட்டத்தை இல்லை. வந்த பையனைக் கால் சேர்த்து நிற்கச் சொல்வார். முட்டி இரண்டும் இடித்தால் ‘நாக் நீ’. பாதத்தை நனைத்துத் தரையில் வைக்கச் சொல்வார். முழுப் பாதமும் பதிந்தால் தட்டைப்பாதம். பல், காது, பச்சை குத்தியது. இரண்டு வருடம் ஓடி, 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்து, பீமில் பத்து புல்-அப்பும் எடுத்து, ஒன்பதடிப் பள்ளத்தையும் தாண்டிவிட்டு மெடிக்கலில் காலைப் பார்த்ததும் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கண்ணீரை அவர் பார்த்திருக்கிறார். 2023 முதல் எழுத்துத் தேர்வுதான் முதலில். ஓடத் தெரிந்து கணக்கு தெரியாதவன் மைதானம் வரைக்கே வர முடியாது. ஆகவே ஓட்டம் முடிந்ததும் அதே ஏரிக்கரையில் அரைமணி நேரம் கணக்கு, பொது அறிவு.

சிலரைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிடுவார். வீட்டில் சண்டை போட்டுவிட்டு ஓடிப் போவதற்குப் பட்டாளம் என்று வருகிறவன். காதல் முறிந்து வந்தவன். ஏஜெண்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, இடம் உறுதி என்று சொல்கிறவன். அவனிடம் முதல் வேலையாகக் காவல் நிலையத்துக்குப் போகச் சொல்கிறார். பட்டப்படிப்பில் இருப்பவனைப் பார்த்தால் வேறு திசை காட்டுவார்: படிப்பை முடி, அதிகாரித் தேர்வான சி.டி.எஸ். எழுது, பறங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமி இங்கேதான் இருக்கிறது. லெப்டினென்டின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100. குறுகிய சேவை அதிகாரிக்கும் பென்ஷன் இல்லை என்பதையும் மறக்காமல் சொல்வார். பெண் பிள்ளைகள் கேட்டு வருவதும் உண்டு. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தர கமிஷன் தர உத்தரவிட்டதும், 2025 மே மாதத்தில் தேசிய பாதுகாப்பு அகாடமியிலிருந்து முதல் பெண்கள் அணி வெளிவந்ததும் அவருக்கே புதிய உலகம். அவர்களுக்காகச் செய்தித்தாள் வெட்டித் தனியாக வைத்திருக்கிறார்.

போன வருடம் தேறியவன் ஒருவன், சொந்த நிலமில்லாத குடும்பம். தேர்வான செய்தி வந்த அன்று அவன் அம்மா திண்ணைக்கு வந்து நேராகக் கேட்டார்: “நாலு வருசம் கழிச்சு வெளிய அனுப்பிட்டா இவன் இன்னா பண்ணுவான்ணா?” ஹவில்தார் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார், மூவருமாகப் பேசினார்கள். முதல் விடுப்பில் வரும்போது தொலைதூரக் கல்வியில் பி.ஏ. பதிவு. கைக்கு வரும் 21,000-ல் வீட்டுக்குப் பத்து, அவன் பெயரில் அஞ்சலகத் தொடர் வைப்புக்கு ஐந்து. சேவா நிதி வந்தால் மோட்டார் சைக்கிள் கிடையாது, தங்கை கல்யாணத்துக்கும் அதிலிருந்து ஒரு பைசா கிடையாது. கடைசி நிபந்தனைக்கு அம்மா உடனே ஒப்பவில்லை; தங்கைக்கு அப்போது இருபது வயது ஆகியிருக்கும் என்றார். பையன் ஒன்றும் சொல்லாமல் தரையில் கிடந்த சாக்பீஸ் துண்டை உருட்டிக்கொண்டிருந்தான். மூன்றில் ஒரு பங்கு தங்கைக்கு என்று பேரம் முடிந்தது. அடுத்த வாரம் அவனுக்குக் கறுப்பு டிரங்குப் பெட்டி வாங்க ஹவில்தாரே வேலூர் பஜாருக்குக் கூடப் போனார். பூட்டு மட்டும் நல்லதாக வாங்கச் சொன்னார், பேரக்கில் திருட்டு ஜாஸ்தி.